வீல் பேரிங் சத்தமா, டயர் சத்தமா? மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்புகிறது. 60-இல் தெளிவாகக் கேட்கிறது, 80-இல் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னதுமே "வீல் பேரிங் போயிருக்கும், மாத்திடுங்க" என்ற பதில்தான் வரும். சக்கரம் உரசாமல் சுற்றுவதற்காக அதன் நடுவில் இருக்கும் பாகம்தான் வீல் பேரிங். அது போயிருக்கலாம். ஆனால் தேய்ந்த டயரும் இதே உறுமலைக் கொடுக்கும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கும் கொடுக்கும். பேரிங்தான் என்று உறுதியானாலும் நான்கு சக்கரத்தில் எது என்பது அடுத்த கேள்வி, என் கணக்கில் அதுதான் கஷ்டமான கேள்வியும். நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே உறுமலோடு வண்டியைத் திரும்ப எடுத்து வருபவர்கள் நிறைய. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் எதைச் செய்தால் மாறுகிறது, எதைச் செய்தாலும் மாறாமல் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டு வரிசை பால் பேரிங். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம் (ரேஸ் என்பார்கள்), நடுவே இரண்டு வரிசையாக எஃகு உருண்டைகள், அவை ஒன்றோடு ஒன்று உரசாமல் இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு கேஜ், கொஞ்சம் கிரீஸ், இரண்டு பக்கமும் ரப்பர் சீல். அவ்வளவுதான். தயாரிக்கும் இடத்திலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுவார்கள், ஆயுள் முழுக்க அதே கிரீஸ்தான். திறந்து புதிதாக வைக்க வழியில்லை. சில வண்டிகளில் இதை நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும், சுற்றாத உலோகப் பாகம்) பிரஸ் வைத்து ஏற்றியிருப்பார்கள், சிலவற்றில் ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும், அதோடு சுற்றும் நடுப்பாகம்) சேர்ந்த ஒரே பொருளாக வரும், நாலு போல்ட்டைக் கழற்றினால் மொத்தமாக வெளியே வந்துவிடும். பழைய கார்களின் பின் சக்கரத்திலும் கனரக வண்டிகளிலும் டேப்பர் ரோலர் பேரிங் (உருண்டைக்குப் பதில் ஒரு முனை சிறுத்த உருளைகள் உள்ளது) இருக்கும், அதைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, நட்டை இறுக்கிச் சரிசெய்யலாம்.

ரேஸும் உருண்டையும் தொடும் இடம் மிகச் சிறியது. சக்கரத்தின் மேல் வரும் எடை முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு இடங்கள் வழியாகத்தான் போகிறது. லட்சக்கணக்கான முறை அமுக்கி அமுக்கி விடும்போது மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே உலோகத்தில் விரிசல் தொடங்கி, ஒருநாள் மேலே வந்து, ஒரு செதில் உரிந்து விழுகிறது. அந்தக் குழிமேல் ஒவ்வொரு உருண்டையும் ஏறி இறங்கும்போது வரும் தட்டல்கள் ஒன்றுசேர்ந்ததுதான் நாம் கேட்கும் உறுமல். பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் முறையை லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் 1947-இல் வெளியிட்டார்கள், அதன் அடிப்படை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி பால் பேரிங்கின் மேல் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே ஓடும் வண்டிகளிலும், சக்கரம் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்று ஸ்பேசர் போட்ட வண்டிகளிலும் பேரிங் சீக்கிரம் போவது இதனால்தான்.

ஆனால் எல்லாப் பேரிங்கும் இப்படி வயதாகிச் சாவதில்லை. பல பேரிங்குகளைக் கொல்வது தண்ணீரும் அடியும்தான். ஓடிச் சூடான ஹப் வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிரீஸ் வெளுத்துப்போய், ரேஸில் துருப் புள்ளிகள் விழ ஆரம்பிக்கும். சில வாரம் கழித்துச் சத்தம் வரும்போது அந்த வெள்ளம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடி என்றால், சக்கரம் பக்கவாட்டில் நடைபாதைக் கல்லில் மோதுவது. அந்த விசை விழும் இடம் டயரின் விளிம்பு, பேரிங்கின் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் தள்ளி. அவ்வளவு நீளமான நெம்புகோலின் மறுமுனையில் சில சென்டிமீட்டர் அகலமுள்ள பேரிங் மாட்டிக்கொள்கிறது. உருண்டைகள் ரேஸில் பதிந்து வரிசையாகக் குழி விழும். வெளியே ரிம்மில் ஒரு கீறல்கூட இல்லாமல் இது நடக்கலாம். அதனால் சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று யோசிக்கும்போது, அதற்கு முன் வண்டி எங்கே இடித்தது, எந்தத் தண்ணீரில் இறங்கியது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட்டால் பல குழப்பங்கள் தீரும். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 9 சுற்று சுற்றும். ஒரு வரிசையில் 13 உருண்டைகள் இருந்தால், அசையாமல் நிற்கும் வெளி ரேஸில் உள்ள ஒரு குழிமேல் நொடிக்குச் சுமார் 47 தட்டல் விழும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் உள் ரேஸில் குழி இருந்தால் சுமார் 70. இரண்டுமே அடித்தொண்டையில் வரும் சத்தங்கள், காதில் கேட்பதைவிட இருக்கையிலும் தரையிலும் அதிர்வாகத் தெரிபவை. உள் ரேஸில் குழி என்றால் இன்னொன்றும் நடக்கும். குழி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சுமை விழும் பகுதிக்கு வந்து போவதால் சத்தம் ஒரே சீராக இல்லாமல் "வ்வோம், வ்வோம்" என்று அலையடிக்கும். மெதுவாகப் போகும்போது இந்த அலை நன்றாகப் பிடிபடும்.

இப்போது டயரைப் பாருங்கள். சுற்றிலும் 60, 70 டிரெட் பிளாக்குகள் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) உள்ள டயர் அதே வேகத்தில் நொடிக்கு 500, 600 முறை தரையைத் தட்டும், அது பேரிங்கைவிட நன்றாக உயர்ந்த ரீங்காரம். இதுவரை குழப்பமில்லை. ஷாக் அப்சார்பர் வீணாகியோ அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தப்பியோ டயர் அலையலையாகத் தேய்ந்து, சுற்றிலும் பத்துப் பதினைந்து மேடுபள்ளம் ஆகிவிட்டால்தான் வம்பு. அப்போது தட்டல் நொடிக்கு 90-லிருந்து 135 வரைக்கும் இறங்கிவிடும், அது நேராகப் பேரிங்கின் எல்லைக்குள் வருகிறது. அனுபவமுள்ள மெக்கானிக்கே இந்த இடத்தில் ஏமாறலாம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இரண்டும் உண்மையிலேயே ஒரே மாதிரிதான் கேட்கும்.

ஆகவே ஓட்டிப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத, அகலமான, நேரான சாலை வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பது நல்லது, ஓட்டுபவர் சாலையைப் பார்த்தால் போதும். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தை எட்டியதும் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குப் போடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி போய்விடும். இன்ஜின் வேகம் விழுந்த பிறகும் உறுமல் அப்படியே இருந்து, வண்டி மெதுவாகும்போதுதான் கூடவே இறங்குகிறது என்றால் அது சக்கரத்தோடு சம்பந்தப்பட்டது. நியூட்ரல் போடப் பிடிக்காவிட்டால், அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். இன்ஜின் கத்தும், ஆனால் பேரிங் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) பற்கள் பக்கம் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் வந்தால் கியர்பாக்ஸ்.

அடுத்தது சாலை. இதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், வழக்கமாகப் போகும் வழியில் வழவழப்பான புதுத் தார் முடிந்து சொரசொரப்பான தளமோ கான்கிரீட்டோ தொடங்கும் இடத்தில் காதைக் கொடுத்தால் போதும். டயர் சத்தம் தளம் மாறிய அந்த நொடியிலேயே குணம் மாறிவிடும். பேரிங்குக்குக் கீழே என்ன தளம் என்பது தெரியாது, ஒரே உறுமல்தான். இந்த ஒரு சோதனைக்கு நான் கொடுக்கும் மதிப்பை வேறு எதற்கும் கொடுப்பதில்லை, செலவில்லை, கழற்ற வேண்டாம், ஏமாற்றுவதும் குறைவு. சொரசொரப்பான தளத்தில் டயர் இரைச்சலே கூடிப் பேரிங்கை மூடிவிடும், அதனால் வழவழப்பான பகுதியில் என்ன மிச்சம் கேட்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சத்தம் உச்சத்துக்குப் போய், இன்னும் வேகம் கூட்டினால் குறைகிறதே, அப்படியென்றால் பேரிங் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டலின் எண்ணிக்கை வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும், ஆனால் அது வண்டியின் தரைத் தகட்டுக்கோ பின்பக்கப் பெட்டிக்கோ உள்ள இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் பெரிதாகக் கேட்கும், தாண்டினால் கொஞ்சம் அடங்கும். அதனால் உச்சம் ஒன்று இருப்பதை வைத்துப் பேரிங்கை விட்டுவிட வேண்டாம்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எல்லோரும் சொல்வது ஸ்டியரிங்கை மெல்ல இடது வலமாக ஆட்டிப் பார்ப்பது. 50, 60 வேகத்தில் லேசாக இடதுபுறம் வளைத்தால் எடை வலது சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலது பக்கம், வலதுபுறம் வளைக்கும்போது கூடினால் இடது பக்கம். பெரும்பாலும் இது சரியாகவே வரும், நான் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இரண்டு வரிசை இருக்கிறது அல்லவா? வளையும்போது ஒரு வரிசையின் மேல் சுமை ஏறும், மற்றதில் இறங்கும். அடிபட்டது எந்த வரிசை என்பதைப் பொறுத்து, சுமை ஏறும் பக்கத்துப் பேரிங்கே சத்தத்தைக் குறைத்துவிடலாம். வலது என்று சோதனை சொன்னபடி மாற்றி, சத்தம் போகாமல், கடைசியில் இடது என்று தெரியும் கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அலையலையாகத் தேய்ந்த டயரும் வளையும்போது சத்தத்தை மாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டும்போது இந்தச் சோதனை ஒரு சந்தேகத்தைத் தரும், அந்தச் சந்தேகத்தை ஜாக்கி போட்டு உறுதி செய்ய வேண்டும்.

அதற்கு முன் டயர். வண்டி நிற்கும்போது டிரெட் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் இடறினால், அல்லது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், சந்தேகம் டயர் மேல் திரும்ப வேண்டும். உறுதி செய்ய, அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர்தான். மாறவே இல்லை என்றால் பேரிங் மேல் சந்தேகம் வலுக்கிறது.

வேறு சில சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது "டக் டக் டக்" என்று வந்தால் வெளிப்பக்கச் சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு). கிறீச்சென்ற மெல்லிய சத்தம், பிரேக்கைத் தொட்டதும் மாறினால் பிரேக் பேட். தகரம் உரசும் சத்தம் திடீரென்று வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கலாம். சக்கரத்திலிருந்து "கடக் கடக்" என்று வந்தால் வேறு எதையும் யோசிக்காமல் வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள், சமீபத்தில் சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் கட்டாயம்.

இனி ஜாக்கி. சமதளம், மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய பிறகு ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டக் கூடாது. கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஒன்றை இழுத்து ஒன்றைத் தள்ளுங்கள். அப்புறம் 3, 9. முன் சக்கரம் 3, 9-இல் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) தேய்ந்திருக்கும். 12, 6-இல் ஆடினால் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் (நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) இருக்கலாம். பிரிப்பது சுலபம்: ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க் வழியாக ஹப்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும், நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாது. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷன். இரண்டு வரிசை பால் பேரிங்கில் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. டேப்பர் ரோலரில் மட்டும் இம்மியளவு ஆட்டம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், "ஆட்டி பாத்தேன், ஆட்டமே இல்ல, பேரிங் நல்லா இருக்கு" என்று. அது தவறு. சத்தம் ஆரம்பித்து நெடுநாள் கழித்துத்தான் ஆட்டம் வரும், சிலவற்றில் வரவே வராது. தூக்கிய சக்கரத்தில் சுமையும் இல்லை, அதனால் கையால் சுற்றினால் சத்தமும் கேட்காமல் போகலாம். காதைவிட விரல்தான் இங்கே உதவும். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரல்நுனிகளைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. குழி விழுந்ததில் சுருள் கம்பி மெல்லிய மணல்மேல் உருள்வதுபோல் நுணுக்கமாக நறநறக்கும். பிரேக் பேட் லேசாக உரசுவதும் ஓர் அதிர்வைத் தரும், ஆனால் அது சுற்றுக்கு ஒருமுறை வந்துபோகும் வழுக்கலான உரசல். எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் உடனே இதேபோல் சுற்றி ஒப்பிட்டால் சந்தேகம் மிச்சமிருக்காது. மெக்கானிக்கின் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நக்கிளில் வைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை நக்கிளில் ஊன்றிக் கைப்பிடியைக் காதருகே வைத்தாலும் வேலை நடக்கும். சுற்றும் பாகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை ஓட்டி, தூக்கிய சக்கரத்தைக் கியரில் சுற்றவிட்டுக் கேட்கும் பழக்கம் உண்டு. வசதியுள்ள பட்டறையில் லிஃப்ட்டில் செய்யட்டும், வீட்டு வாசலில் வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியலில் அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கினால் நேராகப் பாய்ந்துவிடும்.

முன்னா பின்னா என்ற குழப்பத்துக்கு ஓட்டும்போதே கொஞ்சம் பதில் கிடைக்கும். பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள். ஆனாலும் சத்தம் உலோகத்தின் வழியாகப் பயணம் செய்து எங்கோ ஒரு தகட்டில் பெரிதாகிக் கேட்பதால், பின் பேரிங் முன்னால் கேட்பதும், இடது வலதாகக் கேட்பதும் சர்வ சாதாரணம். ஒவ்வொரு நக்கிளிலும் சின்ன மைக்கைக் கிளிப் போட்டு மாட்டி, ஓடும்போதே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்கும் கருவிகள் இருக்கின்றன. ஜாக்கியிலும் விடை கிடைக்காத வண்டிக்கு அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தி, ஹப்புகளின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒப்பிடலாம், ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கூடியிருந்தால் அது ஒரு தடயம். ஆனால் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் காலிப்பரும் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) அதே சூட்டைத் தரும்.

சத்தமல்லாத அடையாளங்கள் இரண்டு உண்டு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு வளைவுகளில் எரிந்து அணைவது ஒன்று. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாருக்கும் அதற்கு எதிரே சுற்றும் வளையத்துக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், பேரிங் ஆடினால் அந்த இடைவெளி கூடிக் குறைந்து சிக்னல் தப்பும். இன்னொன்று, ஒரு பெரிய வளைவை முடித்துவிட்டு முதல்முறை பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது, இரண்டாவது மிதியில் சரியாகிவிடுவது. ஆடும் ஹப்போடு டிஸ்க்கும் ஆடிப் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்று வந்துவிட்டால், வெறும் சத்தம் என்ற கட்டத்தைப் பேரிங் தாண்டிவிட்டது.

எத்தனை நாள் ஓட்டலாம்? லேசான உறுமல் மட்டும், ஆட்டம் கிடையாது என்றால் உடனே சாலையோரம் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. சோதித்து, சாமானைத் தேடி, நேரம் பார்த்து மாற்ற அவகாசம் இருக்கும். அந்த அவகாசம் எவ்வளவு என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது, உரிந்த உலோகத் துகள் கிரீஸில் கலந்து மற்ற இடங்களையும் அரைத்துக்கொண்டே இருக்கிறது. நெடுந்தூரப் பயணத்தையும் அதிகப் பாரத்தையும் அதுவரை தவிர்த்துவிடுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஹப் கை வைக்க முடியாமல் சுட்டால், உறுமலோடு உலோகம் உரசும் ஓசை சேர்ந்தால், அந்த வண்டியை ஓட்டக் கூடாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கேஜ் உடைந்தால் சக்கரம் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம், மோசமான நிலையில் ஹப் கழன்றே வரலாம்.

மாற்றிய பேரிங் சில மாதத்திலேயே திரும்பக் கத்தினால், சாமான் மட்டம் என்று சொல்லிவிடுவது வழக்கம். மாற்றிய விதத்தையும் பாருங்கள். வெளி வளையம்தான் நக்கிளுக்குள் இறுக்கமாகப் போகிறது, ஆனால் உள் வளையத்தில் அழுத்திப் பிரஸ் செய்தால் அத்தனை விசையும் உருண்டைகள் வழியாகப் போய் ரேஸில் குழி விழுந்துவிடும், வண்டி பட்டறையை விட்டு வெளியே வரும் முன்பே அது பழைய பேரிங்தான். சுத்தியலால் அடித்து இறக்கினாலும் அதே கதி. ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது, ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய பழைய நட்டையே திரும்பப் போடுவது, நட்டை முழுக்க இறுக்குவதற்கு முன்பே வண்டியை இறக்கிச் சக்கரத்தின் மேல் எடையைப் போடுவது, இவையும் பேரிங்கைக் கெடுக்கும். பிரஸ் செய்யும் வகையில் ஒரு பக்கச் சீலிலேயே ஏபிஎஸ் காந்த வளையம் இருக்கும், அதைத் திருப்பிப் போட்டால் சத்தம் வராது, விளக்கு எரியும். எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். அதைச் சுற்றிப் பார்த்து நறநறப்பு இல்லையென்றால் விட்டுவிடலாம். கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கி விரலால் சுற்றிப் பாருங்கள், முடிந்தால் உடைத்து ரேஸையும் பாருங்கள். துருவா, வரிசையாக விழுந்த பள்ளங்களா, உரிந்த செதிலா என்பது தெரிந்தால், புதிதாகப் போட்டதற்கும் அதே கதி வராமலிருக்க சீலைப் பார்க்க வேண்டுமா, நக்கிள் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, சுமையைக் குறைக்க வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.